வீட்டுக் கணினியும் தந்தையாரின் ஏடும்

எங்கள் இல்லம் கட்டுகஸ்தோட்டையில், மகாவலி கங்கைக்கு அண்மையில் இருக்கின்றது. ஆற்றங்கரையின் குளிர்ச்சியை விருந்தினர் புகழ்வர். ஆயின், அங்கே புத்தகங்கள் பூஞ்சணம் பிடிப்பதையும் பூட்டுகள் துருவேறுவதையும் குடியிருப்பவரே அறிவர். அத்தகைய வீட்டில் 2014ஆம் ஆண்டு முதல் ஒரு கணினி எங்களோடு வாழ்ந்து வருகின்றது.

அதனை வாங்கிய காலத்தில் என் தந்தையார் இருந்தார். ஹந்தானை மலைச்சாரலில் தோட்டப் பாடசாலை ஆசிரியராயிருந்த தமது இளமைக் கதையை மாலைதோறும் அவர் சொல்லச் சொல்ல, நான் தட்டச்சுச் செய்வேன். 61 பக்கங்கள் சேர்ந்தன. 2016இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு கணினி மந்தமாகவே, அதனை ஒரு கடையில் ஒப்படைத்தேன். இரண்டே நாளில் புத்தம் புதியது போலத் திருப்பித் தந்தனர். உள்ளே இருந்தவை யாவற்றையும் துடைத்தெறிந்துவிட்டு விண்டோசை மீண்டும் நிறுவியிருந்தனர்! வாசிப்பதற்காக என் மகள் முன்னரே பென்டிரைவில் எடுத்து வைத்திருந்த முதல் 23 பக்கங்கள் மாத்திரம் தப்பின. அழிக்கலாமா என அவர்கள் கேட்கவில்லை. அழிக்க வேண்டாமென நானும் சொல்லவில்லை. யாரை நோவது?

2022இல் பழைய நோய் திரும்பியது. மகள் உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தாள். மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. மின்சாரம் இருக்கும் சிறு பொழுதில் இயந்திரம் விழித்தெழவே ஆறு நிமிடம் கழியும். புதியது வாங்கலாமெனில், அம்மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறிவிட்டது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற அயல்வீட்டு இளைஞர் உதவிக்கு வந்தார். அவர் கேட்ட முதற் கேள்வி, "சேர், உள்ளே இருப்பவற்றுக்கு வேறு பிரதி உண்டா?" என்பதே. ஐந்தாண்டுகளுக்கு முன் இதனை ஒருவர் கேட்டிருக்கலாகாதா என்று என் நெஞ்சு ஏங்கிற்று.

பிரதி எடுத்த பின்னரே மின் இணைப்பைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தார். தூசு பஞ்சுபோல் அடைந்திருந்தது. மூலையில் இரண்டு பல்லி முட்டைகள் வேறு! விசிறியைச் சுழலவிடாது விரலாற் பிடித்துக்கொண்டு மென்மையான தூரிகையால் துடைத்தார். சூடு மிஞ்சினால் கணினியின் மூளையாகிய செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளுமாம். தூசுக்கும் தாமதத்திற்கும் உள்ள உறவை அன்றுதான் அறிந்தேன்.

அடுத்து, கணினி விழிக்கும்போதே தாமும் உடன் எழும் பதினொரு நிரல்களைக் கண்டு, வேண்டாதவற்றை நிறுத்தினார். வைரஸ் தடுப்பு நிரல்கள் இரண்டு இருந்தன. ஒரே கோப்பை இரண்டும் சோதிப்பதால் வேலை இரட்டிக்கும் என்று கூறி ஒன்றை நீக்கினார். ஈற்றில், நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் பழைய வன்தட்டுக்குப் பதிலாக, சுழலும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தி, நினைவகத்தையும் 4 கிகாபைட்டிலிருந்து எட்டாக்கினார். செலவு புதிய கணினியின் விலையில் ஒரு சிறு பகுதியே. ஆறு நிமிடம் அரை நிமிடமாயிற்று. 2023 ஜனவரியில் தொடங்கிய அப்பரீட்சைக்கு மகள் இதிலேதான் படித்து முடித்தாள்.

கண்டியில் மார்ச், ஏப்பிரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி வலிது. வானம் கறுத்தவுடன் மின்செருகியை மட்டுமன்றி இணைய வடத்தையும் கழற்றிவிடுகின்றோம். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. பதினொன்றாம் பதிப்பை ஏற்கும் தகுதி இம்முதிய கணினிக்கு இல்லை. ஆகவே மகள் லினக்ஸை நிறுவித் தந்தாள். பழகச் சிறிது நாளாயிற்று என்பதை மறைப்பானேன்?

போயா தினந்தோறும் தூசு தட்டுவதும் பிரதி எடுப்பதும் இப்போது என் பணி. எஞ்சிய 23 பக்கங்களின் பிரதியொன்று எங்கள் அலுமாரியில் இருக்கின்றது. மற்றொன்றை மாத்தளையில் தமையனார் வீட்டில் வைத்திருக்கின்றேன். இருபத்து நான்காம் பக்கத்தில் அப்பா எதைச் சொன்னார் என்று அண்ணரும் நானும் சந்திக்கும் போதெல்லாம் நினைவுகூர முயல்கின்றோம்.