செக்கிங் டேபிளுக்கு வந்த செயலி

2024 மார்ச் தொடக்கத்தில், கட்டணத் தகராறு ஒன்றில் சில இந்திய நிறுவனங்களின் செயலிகளைக் கூகுள் தன் ப்ளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. சென்னையிலிருந்து நடக்கும் பாரத் மேட்ரிமோனியும் அவற்றில் ஒன்று. ஒன்றிய அரசு தலையிட்ட பிறகு சில நாட்களில் அவை திரும்பி வந்தன. பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால், ஒற்றை அறையில் செயலி செய்கிறவர்கள் எப்படித் தொழில் தொடங்குகிறார்கள் என்று பார்க்க விரும்பினேன். திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருக்கும் நண்பர், 15 வேலம்பாளையத்தில் இரண்டு இளைஞர்களைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்.

கீழே தையல் மெஷின்கள் ஓடும் பவர்டேபிள் யூனிட். மாடி ஏறினால் அறை. ஓவர்லாக் மெஷின்களின் அதிர்வு தரையில் தெரிகிறது. யூனிட் உரிமையாளரின் மகனும் அவரோடு பொறியியல் படித்தவரும் சேர்ந்து, ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கான கணக்குச் செயலி ஒன்றை எழுதியிருக்கிறார்கள். யார் எத்தனை பீஸ் தைத்தார், என்ன முன்பணம் வாங்கினார், சனிக்கிழமை கையில் எவ்வளவு வரும் என்பதெல்லாம் அதில் இருக்கும். எப்போது வெளியிடப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"அக்கா ஓகே சொல்லணுங்க" என்றார் ஒருவர்.

சர்வர் பற்றியும் செயலியில் இடும் மின்னணுக் கையொப்பம் பற்றியும் அவர்கள் நிறையச் சொன்னார்கள். என் கவனம் அந்த அக்காவிடம் போய்விட்டது.

எல்லோரும் அவரைச் செக்கிங் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். வேடசந்தூர் பக்கத்திலிருந்து சிறுவயதில் வந்து, டெய்லருக்கு உதவியாளான கைமடியாகச் சேர்ந்தவர். பிறகு செக்கிங் டேபிள். ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் ஆகியவற்றைத் தேடி, துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தே வருடங்கள் போயின. 2020 ஊரடங்கில் வேலை நின்றபோது, கம்பெனியிலிருந்து யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதை நோட்டில் எழுதி வைத்து, கூட வேலை செய்தவர்களுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார். செயலியைச் சோதிக்க ஆள் வேண்டும் என்றதும் உரிமையாளர் இவரைத்தான் மாடிக்கு அனுப்பினார்.

மேசையில் பழைய போன்கள் வரிசையாக இருக்கின்றன. இரண்டு ஜிபி நினைவகம் கொண்டவை, திரையில் விரிசல் விழுந்தவை, புகைப்படங்களால் இடம் நிரம்பியவை. டெய்லர்கள் கையில் இருப்பவை இத்தகைய போன்கள்தான் என்பதால் செகண்ட்ஹேண்ட் கடையில் தேடி வாங்கியிருக்கிறார்கள். அக்கா ஒவ்வொன்றிலும் எழுத்தளவை முழுக்கப் பெரிதாக்குகிறார். "நாப்பது வயசுக்கு மேல எல்லாரும் இப்படித்தான் வெச்சிருப்பாங்க." உடனே 'முன்பணம் கழிக்கவும்' என்ற பொத்தானில் பாதி எழுத்து காணாமல் போகிறது. வேறொரு திரையில் 'கூலி' என்பதில் 'கூ'வின் அடிப்பகுதி வெட்டுப்படுகிறது. ஆங்கில எழுத்தின் உயரத்துக்கு வரி ஒதுக்கினால் தமிழுக்கு இது நடக்கும்.

ஆடையில் குறை இருக்கும் இடத்தில் செக்கிங் பெண்கள் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அக்கா போன் திரையைப் படம் பிடித்து அதே மாதிரி சிவப்பு அம்பு போடுகிறார். கீழே, அதற்கு முன் எதைத் தொட்டார், எந்தப் போன், நெட் இருந்ததா என்று எழுதுகிறார். "வேலை செய்யலை"ன்னு மட்டும் எழுதினா தம்பிங்க எங்க போய்த் தேடுவாங்க என்று கேட்டார். பெரிய கம்பெனிகளில் பிழையறிக்கை எழுதச் சொல்லித் தரும் பாடத்தின் சாரம் இதுதான்.

அவர் பிடித்தவற்றில் ஒன்றை என்னால் மறக்க முடியாது. நெட் இழுத்துக்கொண்டிருக்கும்போது 'சேமி'யை அழுத்தினால் திரை அசையாது. மறுபடி அழுத்தினால் இரண்டு பதிவாகும்.

"மொதலாளி அவசரத்துல ரெண்டு தடவ அமுக்குவாரு. ஐந்நூறு ரூவா முன்பணம் ஆயிரமாயிரும். சனிக்கிழம அந்தப் பையன் யார்கிட்டப் போய் நிப்பான்?"

இப்போது ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே ஓர் அடையாள எண் கொடுக்கிறார்கள். அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் புதிதாக எழுதாது. நள்ளிரவு தாண்டும் ஷிப்டில் இருந்த பிழையையும் அவர்தான் கண்டுபிடித்தார்: வாரக் கணக்கு வெள்ளியோடு முடிவதால், வெள்ளி இரவு ஒரு மணி வரை தைத்ததைச் செயலி சனிக்கிழமையில் சேர்த்து, கூலியை அடுத்த வாரத்துக்குத் தள்ளியிருந்தது. கணக்கு எழுதிப் பழகாத எவருக்கும் இது கண்ணில் படாது.

இந்தத் திறமைக்கு ப்ளே ஸ்டோரின் கணக்கில் என்ன மதிப்பு? ஒரு தலை. 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கென்றால், பொதுவில் வெளியிட அனுமதி கேட்கும் முன் குறைந்தது 20 பேர் 14 நாள் தொடர்ந்து சோதனையில் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. 2024 டிசம்பரில் அது 12 பேர் ஆனது. நிறுவனக் கணக்குக்கு இந்த விதி இல்லை. ஆக, சுமை சின்னவர்கள் தலையில்தான். கீழே இருக்கும் டெய்லர்களைச் சேர்த்தார்கள். பாதிப்பேருக்கு ஜிமெயில் கடவுச்சொல் நினைவில்லை. இதற்குள் தரகர்கள் முளைத்துவிட்டார்கள். பணம் கட்டினால் 12 பேரைத் தருகிறார்களாம். அவர்கள் செயலியைத் திறந்து மூடுவார்கள். ஒரு பொத்தான் கூட அவர்களால் திருந்தாது. தரத்துக்கென்று போட்ட விதி, ஆள் சப்ளை செய்கிறவனுக்குப் பிழைப்பாகியிருக்கிறது. இளைஞர்கள் மறுத்துவிட்டார்கள், டெய்லர்களின் கணக்குகளை ஒவ்வொன்றாக மீட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அனுமதி கிடைத்த பிறகும் கூகுள் விடுவதில்லை. கணக்குத் தொடங்க 25 டாலர் கட்டியாயிற்று. ஸ்டோர் வழியாகச் சந்தா வாங்கினால் அதில் பங்கு. முதல் ஆண்டுச் சந்தாவுக்கு 30 சதவீதமாக இருந்ததை 2022 ஜனவரியில் 15 ஆகக் குறைத்தார்கள். மாதம் நூறு ரூபாய் சந்தா என்றால் பதினைந்து ரூபாய். ஸ்டோரின் கட்டண விதிகளுக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் 2025 மார்ச்சில் அது 216.69 கோடியாகச் சுருங்கியது. வாசலை ஒருவரே வைத்துக்கொண்டு நுழைகிறவரிடமெல்லாம் பங்கு கேட்பதை நான் வியாபாரம் என்று ஏற்க மாட்டேன். தைத்தவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் பீஸுக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்ளும் ஆளை இந்த ஊர் நன்றாக அறியும்.

அக்காவுக்குச் செக்கிங்கில் வாங்கிய அதே ஷிப்ட் கூலியை இங்கேயும் கொடுக்கிறார்கள். அது போதாது என்று நான் சொன்னேன். வெளியீடு முடிந்ததும் கூட்டுகிறோம் என்றார்கள். அக்கா அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் கேட்டது வேறு. அடுத்தது இந்தி வடிவம். கீழே தைப்பவர்களில் பாதிப்பேர் பீகார்காரர்கள்.

"அதை நான் பாத்தா சரியா வராதுங்க தம்பி. அந்தப் பசங்கள்ல ஒருத்தன மேல கூப்பிட்டு உக்கார வைங்க. பீஸ் கூலி போகும்ல, அவனுக்கும் ஷிப்ட் போட்டுருங்க."

அந்தச் செலவை எதிலிருந்து எடுப்பது என்று இருவரும் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள்.