தண்டவாளத்தின்மேல் ஓர் ஆஸ்பத்திரி

உத்தியோகத்தின் பொருட்டுப் பிறந்த ஊரைவிட்டு வந்து வடநாட்டில் குடியேறிய நம்மனோருக்கு ஊர் மாறுவதென்பது புதிய செய்தியன்று. மூட்டை கட்டுவதும் அவிழ்ப்பதும் நம் இல்லத்தரசிகளுக்குக் கைவந்த கலை. எனினும், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றல் உத்தரவு வந்தாலே வீட்டில் ஒரு வாரம் உலை கொதிப்பதில்லை. அப்படியிருக்க, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு முறை ஊர் மாறி, போன இடத்திலெல்லாம் முன்பின் அறியாதவர்களின் நோய்க்குப் பணிவிடை செய்யும் பெண்களைப் பற்றி நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? அத்தகைய தாதியர் சிலரை அருகிருந்து காணும் வாய்ப்பு, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலத்தில் எங்களுக்குக் கிட்டியது. அவர்கள் வந்தது ஒரு ரயிலில். அந்த ரயிலே ஆஸ்பத்திரி.

'லைஃப்லைன் எக்ஸ்பிரஸ்' என்றும், இந்தியில் 'ஜீவன் ரேகா' என்றும் வழங்கும் இந்த மருத்துவமனை ரயில் 1991-ஆம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி பம்பாயிலிருந்து புறப்பட்டது. மும்பையைச் சேர்ந்த இம்பாக்ட் இந்தியா பவுண்டேஷன் என்னும் தொண்டு நிறுவனமும், நமது ரயில்வேயும், மத்திய அரசின் சுகாதார அமைச்சகமும் கைகோத்து நடத்திய முயற்சி இது. முதல் முகாம் நடந்த இடம் கலாரி. அப்போது பீகாரிலும் இப்போது ஜார்க்கண்டிலும் உள்ள, நிலக்கரியும் சிமெண்டும் விளையும் ஊர். தொடக்கத்தில் மூன்று பழைய பெட்டிகளே இருந்தன. பின்னர் ஐந்து புதிய பெட்டிகள் ஆயின. 2016-இல் மேலும் இரண்டு சேர்ந்து ஏழாயின. தொடங்கியதிலிருந்து முதல் கால் நூற்றாண்டுக்குள்ளேயே 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இதனால் பயன் பெற்றார்கள். யாரிடமும் ஒரு காசும் வாங்குவதில்லை.

எங்கள் டிவிஷனைச் சேர்ந்த அந்தச் சிறு நிலையம் மத்திய இந்தியாவின் காட்டுப் பகுதியில் உள்ளது. நாற்புறமும் சால் மரக்காடு. இடையிடையே மகுவா மரங்கள். மகுவா என்பது நம் நாட்டு இலுப்பைக்கு உறவான மரந்தான். நாள் முழுவதும் நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டிகள் மெயின் லைனில் ஓடிக்கொண்டிருக்கும். பாசஞ்சர் வண்டிகள் சிலவே நிற்கும். நிலையத்துக்கு வெளியே ஒரு டீக்கடை, ஒரு கைப்பம்பு, அரைக் கல் தொலைவில் ஒரு பள்ளிக்கூடம். இவற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. டாக்டரைப் பார்க்க வேண்டுமானால் ஒரு பகல் பயணம். அங்கே, பக்கத்துத் தடம் ஒன்றில், வண்ணம் தீட்டிய வண்டி ஒன்று ஷண்டிங் செய்து நிறுத்தப்பட்டபோது, பக்கத்துக் கிராமங்களிலிருந்து திருவிழாக் கூட்டம்போல ஜனங்கள் வந்து குவிந்தனர்.

ரயில்வேயில் வேலை பார்ப்பவர்கள் என்ற முறையிலும், சங்கத்தின் சார்பில் சில நாட்கள் நோயாளிகளின் உறவினருக்கு உணவு கொண்டு சென்றவர்கள் என்ற முறையிலும் நாங்கள் குடும்பத்தோடு பல முறை அங்கே போய் வந்தோம். பெட்டிகளின் உள்ளே சென்று பார்த்தவர்கள் வியப்படையாமல் இருக்க முடியாது. மின்சாரம் உண்டாக்கும் இயந்திரம், சமையலறை, ஊழியர் படுக்கை, கருவிகளைச் சுத்திகரிக்கும் அறை, அறுவைக் கூடம், அறுவை முடிந்தவர் சற்று நேரம் படுத்திருக்கும் இடம் ஆகிய அனைத்தும் நாம் தினமும் பார்க்கும் பெட்டியின் அகலத்துக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. கண்புரை, உதட்டுப் பிளவு, காது நோய், போலியோவால் கோணிய கை கால் ஆகியவற்றுக்கு அறுவைச் சிகிச்சை. பல் வைத்தியமும் உண்டு. 2016-இல் சேர்ந்த பெட்டிகளில் புற்றுநோய்ப் பரிசோதனையும் நடக்கிறது. இந்தியாவில் கடைசிப் போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில். ஆகவே போலியோவுக்கான அறுவை என்றால் இப்போது வருபவர்கள் வளர்ந்தவர்களே.

இங்கே வேலை செய்பவர்கள் இரு வகையினர். அறுவை வைத்தியர்கள் பெரிய நகரங்களிலிருந்து முறை வைத்துக்கொண்டு சில நாட்கள் வந்து, ஊதியம் கருதாமல் உழைத்துத் திரும்புகிறார்கள். மற்றொரு வகையினர் வண்டியோடு கூடவே போகிறவர்கள். வண்டி எங்கே நிற்கிறதோ அதுவே அவர்களுக்கு ஊர். மேல் பெர்த்தே வீடு. இந்த இரண்டாம் வகையில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள் என்பது எங்களுக்கு எதிர்பாராத மகிழ்ச்சி. வீட்டிலிருந்து எங்கள் மனைவிமார் கொண்டுபோன புளியோதரையைக் கண்டதும், "அக்கா, இலையிலே சுத்தியா கொண்டாந்தீங்க?" என்று அவள் கேட்ட குரலிலேயே எத்தனை மாதமாக அவள் வீட்டுச் சாப்பாட்டைப் பார்க்கவில்லை என்பது விளங்கிவிட்டது. டாக்டர்கள் அவளை 'சிஸ்டர்' என்றார்கள். கிராமத்தார் 'தீதி' என்றார்கள். எங்கள் வீட்டார் 'தங்கச்சி' என்றார்கள். மூன்று பாஷையிலும் உறவு ஒன்றுதான்.

அவளுடைய ஒரு நாளைச் சொல்லுகிறோம். பனி விலகுமுன் எழுந்து, கருவிகளை ஆவியில் வைப்பாள். 121 டிகிரி சூட்டில், குறித்த அழுத்தத்தில், குறித்த நேரம் இருந்தாலன்றி எந்தக் கருவியும் கூடத்துக்குள் போகாது. பிறகு நோயாளிகளின் பட்டியல். பெயர், தகப்பன் பெயர், கிராமம், எந்தக் கண் என்பதை ஒவ்வொருவரிடமும் திரும்பத் திரும்பக் கேட்டு, நெற்றியில் குறியிட்டுச் சரிபார்ப்பாள். ஒரே பெயருள்ள நால்வர் ஒரே நாளில் வந்திருந்தார்கள்! அறுவைக்கு முன்னும் பின்னும் பஞ்சையும் துணியையும் கத்தியையும் ஊசியையும் வாய்விட்டு எண்ணுவாள். எண்ணிக்கை ஒத்துவந்தாலன்றித் தையலை முடிக்க விடமாட்டாள். எத்தனை பெரிய டாக்டரானாலும் நின்று கேட்டே ஆக வேண்டும். மாலையில், பள்ளிக்கூடத்தில் படுக்க வைக்கப்பட்டிருக்கும் நோயாளிகளைப் பார்க்க நடந்து போவாள். மறுநாள் காலையில் கட்டு அவிழ்ப்பது. ஒரு முதியவர் கட்டு அவிழ்த்ததும் எங்களையோ டாக்டரையோ பார்க்கவில்லை. தம்முடைய இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாருக்கும் இப்படி நடப்பதில்லை. சர்க்கரையோ இரத்த அழுத்தமோ மிகுந்திருந்தால் அறுவை இல்லை என்று திருப்பி அனுப்ப வேண்டும். அதைச் சொல்லும் பொறுப்பும் பெரும்பாலும் தாதியர் தலையிலேயே விழுகிறது. ஒரு நாள் இளம் தாய் ஒருத்தி, உதடு பிளந்த ஆண் குழந்தையைத் துணியில் கட்டிக்கொண்டு இரண்டு நாள் பயணம் செய்து வந்து சேர்ந்தாள். உதட்டுப் பிளவுக்குக் கத்தி வைக்கப் பொதுவாக ஒரு விதி உண்டாம். வயது 10 வாரம், எடை 10 பவுண்டு, இரத்தத்தில் ஹீமோகுளோபின் 10 கிராம், இம்மூன்றும் குறைந்தபட்சம் வேண்டும். குழந்தைக்கு வயது சரி. எடை 4 கிலோகூட இல்லை. வண்டியோ இன்னும் ஒன்பது நாளில் புறப்பட்டுவிடும். மறுபடி இந்தத் தடத்துக்கு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தத் தாய் அழவில்லை. எழுந்து போகவும் இல்லை. தாதிப் பெண் தன் பெர்த்துக்குப் போய், பெட்டியைத் திறந்து, ஒரு வெள்ளிப் பாலாடையைக் கொண்டுவந்தாள். அண்ணன் குழந்தைக்கென்று வாங்கி, ஊருக்குப் போகும்போது கொடுக்கலாம் என்று பத்து மாதமாக வைத்திருந்ததாம். பிளவுள்ள குழந்தையால் மார்பில் வாய்வைத்துச் சரியாக உறிஞ்ச முடியாது. அதனால்தான் எடை ஏறவில்லை. குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பீய்ச்சிய தாய்ப்பாலைப் பாலாடையில் சிறிது சிறிதாகச் சாய்த்து, இடையிடையே தோளில் போட்டுத் தட்டிக் கொடுக்கும் முறையை ஒன்றரை மணி நேரம் பொறுமையாகக் கற்றுக் கொடுத்தாள். நம் பாட்டிமார் கைப்பழக்கமாகச் செய்து வந்ததையே இன்று பெரிய மருத்துவமனைகளும் குறைமாதக் குழந்தைகளுக்குக் கையாளுகின்றன; ஆங்கில வைத்தியப் புத்தகங்களிலும் 'பாலாடை' என்ற தமிழ்ச் சொல்லே வழங்குகிறது.

பிறகு அவள் எங்கள் பக்கம் திரும்பி, "அண்ணா, நான் போயிருவேன். நீங்க இங்கேயேதானே இருப்பீங்க?" என்றாள். இதைவிடப் பெரிய கேள்வியை அண்மையில் யாரும் எங்களைக் கேட்டதில்லை. ஊர் மாறுகிறவர்களின் பணி, ஊரில் தங்குகிறவர்கள் கைகொடுக்காவிட்டால் பாதியிலே நின்றுபோகும். அந்தக் கிராமத்துச் சுகாதாரப் பணிப்பெண்ணின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டோம். எங்கள் மனைவிமார் வாரம் ஒரு முறை விசாரித்து வந்தார்கள். மூன்றாம் மாதம் எடை 5 கிலோவைத் தாண்டியது. நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அறுவைக்குத் தேதி குறித்தார்கள். செய்தியைச் சொல்ல அழைத்தபோது தாதிப் பெண் வேறோர் மாநிலத்தில், வேறொரு நிலையத்தில் இருந்தாள். "எத்தனை ஊர் பார்த்துட்டேன், திரும்பிச் சேதி வந்தது இதுதான் அண்ணா ரெண்டாவது" என்றாள்.

அவள் வாழ்க்கையில் நாம் அறிய வேண்டிய வேறு செய்திகளும் உண்டு. மாற்றலாகும் ரயில்வே ஊழியனுக்கு டிரான்ஸ்பர் பாஸ் உண்டு. முறை வந்தால் குவார்ட்டர்ஸ் உண்டு. ஒப்பந்தத்தின்பேரில் ஊர் ஊராகச் செல்லும் தாதிக்கு இவை இல்லை. நிலையான விலாசம்கூட இல்லை. தாதிகள் ஒரு மாநிலத்துக் கவுன்சிலில் பதிவு செய்துகொள்கிறார்கள். தமிழ்நாட்டுக் கவுன்சில் 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஏற்பட்டது. வேறு மாநில ஆஸ்பத்திரியில் சேர வேண்டுமானால் அங்குள்ள கவுன்சிலிலும் பதிவுக்கு அலைய வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 'டிராவல் நர்ஸ்' என்று தனித் தொழிலே உண்டு. பெரும்பாலும் 13 வாரம் ஓர் ஆஸ்பத்திரி, பிறகு வேறொன்று. அங்கே பல மாநிலங்கள் 2000-ஆம் ஆண்டு முதல் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டு, ஒரே உரிமத்தை ஏற்றுக்கொள்கின்றன.

இந்த ரயிலுக்கு வருமுன் அவள் ஒரு நகரத்துத் தனியார் மருத்துவமனையில் இருந்தாளாம். அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு, விலக வேண்டுமானால் பணம் கட்டு என்றார்களாம். அவற்றை மீட்கத் தகப்பனார் நிலத்தை ஈடு வைத்தார். ஆகவே, நம் குடும்பங்களில் தாதிப் பயிற்சி பெறும் பெண்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். யார் கேட்டாலும் அசலைக் காட்டலாம். கையை விட்டுக் கொடுக்கலாகாது. ஒப்பந்தத்தில் விடுப்பு, தங்குமிடம், விலகும் விதி மூன்றையும் படித்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

"பெண் பிள்ளை ஊர் ஊராய்த் திரிவதா?" என்று நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார். நோயாளியைத் தேடிப் போகும் இப்பணி நமக்கு அந்நியமானதன்று. வேலூரில் ஆஸ்பத்திரி கண்ட ஐடா ஸ்கடர் அம்மையார் நூறாண்டுகளுக்கு முன்பே, வண்டியில் மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு குடியாத்தம் சாலையில் மரத்தடி மரத்தடியாக நின்று வைத்தியம் பார்த்தார். 1909-இல் அங்கே தாதியர் பள்ளியையும் தொடங்கினார். ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நாம், அதே காரியத்தை ஒரு பெண் செய்யும்போது மட்டும் குற்றம் காண்பது நியாயமாகாது.

அன்பர்கள் இருக்கும் நிலையத்துக்கு இத்தகைய ரயிலோ முகாமோ வந்தால் தவறாமல் போய்ப் பாருங்கள். இந்தி தெரிந்தவர்கள் மொழிபெயர்த்து உதவலாம். ஒரு வேளை உணவு கொண்டு செல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பெயரையும் கிராமத்தையும் குறித்துக்கொண்டு, வண்டி போன பின்னும் விசாரித்து வாருங்கள். வெளியூர்களில் தனியே வேலை பார்க்கும் தமிழ்த் தாதியர் இரண்டு நாள் தங்கிச் செல்ல எந்தெந்த வீடுகள் இடம் தரும் என்று ஒரு பட்டியல் தயாரிக்கச் சங்கக் காரியதரிசியிடம் சொல்லியிருக்கிறோம். முதலாவதாக எங்கள் மூவர் வீட்டையும் அதில் சேர்த்திருக்கிறோம். மற்ற குடும்பத்தினரும் தத்தம் பெயரைக் கொடுக்குமாறு வேண்டுகிறோம்.