சிவப்புக் கட்டம்

என் தமக்கை மகன் ஒரு நூற்பாலையில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. ஷிப்டுப் பட்டியலில் பிசகிருந்தால் கம்ப்யூட்டரே சிவப்புக் கட்டம் காட்டும்படி ஏற்பாடு செய்திருந்தான். முழு நைட்டு முடித்தவனை உடனே பகல் ஷிப்டிலும் போட்டால் சிவப்பு; வாரத்துக்கு 48 மணி தாண்டினாலும் சிவப்பு. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் விதித்த கணக்கு அது.

பட்டியலைப் பார்த்தேன். பாதிக்குமேல் சிவப்பு.

"ஆள் குறைச்சல், மாமா. 'சரி' என்று அழுத்தினால் மறைந்துவிடும்."

அலாரம் அடித்ததும் கடிகாரத்தின் தலையில் தட்டிவிட்டுப் புரண்டு படுக்கிறவன்தான் நானும். ஆனால் இங்கே தட்டுவது இவன். தூக்கமில்லாமல் கதிர்களுக்கு முன்னால் நிற்பவன் வேறொருவன்.

"நீ 'சரி' போடும்போதெல்லாம் மானேஜருக்கும் எழுத்தில் தகவல் போகும்படி செய்யக் கூடாதா?" என்றேன்.

"ஐந்து நிமிஷ வேலை" என்றான். விரல் மட்டும் நகரவில்லை. "அப்புறம் அடுத்த மாதம் நான் அங்கே இருக்க வேண்டுமே, மாமா!"