தரை எங்கே இருக்கு?

ஸ்கைடைவிங் பண்றவங்க முதுகில் ரெண்டு பாராசூட் இருக்கும். முதலாவது மக்கர் பண்ணினால் ரிசர்வை அவங்களே இழுத்துக்கலாம். ஆனால் நடுவானில் மயங்கிட்டா?

அதுக்குத்தான் 1991ல் ஜெர்மனியில் வந்த 'சைப்ரஸ்' கருவி. காற்றழுத்தத்தை வைத்து உயரம், வேகம் ரெண்டையும் கணக்குப் போடும். தரைக்கு மேலே சுமார் 225 மீட்டரிலும் விநாடிக்கு 35 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால், ஒரு குட்டி கட்டர் ரிசர்வ் பையை மூடியிருக்கும் கயிற்றை அறுத்துவிடும். மிச்சத்தை ஸ்பிரிங்கும் காற்றும் பார்த்துக்கும்.

சரி, தரை எதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? ஆன் பண்ற இடம்தான் அதுக்குத் தரை! எங்க குருசுக்குப்பம் கடற்கரையில் ஆன் பண்ணிட்டு, காரில் மைசூர் போய் அப்படியே குதிச்சா ஆபத்து. மைசூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 750 மீட்டர். கருவி தேடுற 225 மீட்டர் அங்கே மண்ணுக்கு அடியில் இருக்கும்!

அதனால் குதிக்கிற இடத்துக்குப் போனதும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும். உயிரைக் காப்பாத்துற மெஷினுக்கும் தரையை மனுஷன்தான் காட்டணும் மக்களே.