ஐம்பதில் நிற்கும் கண்

அப்பர் டூட்டிங் ரோட்டில், முத்துமாரி அம்மன் கோயிலுக்குச் சற்றுத் தள்ளியிருந்த தேநீர்க் கடையில் அண்ணை எனக்காகக் காத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பிரிட்டனின் மின்தொகுப்பை நடத்தும் வோக்கிங்காம் கட்டுப்பாட்டு அறையில் வேலை. இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தார்.

அந்த அறைக்குள் என்னைக் கூட்டிப்போக அவரால் முடியாது. அதனால் தொழிலை மேசையிலேயே விரித்தார். நாலு தேநீர்க் கோப்பைகளை வரிசையாக வைத்தார். பக்கத்தில் ஒரு கைப்பிடி சீனிப் பொட்டலங்களைக் கொட்டினார்.

"கோப்பை எல்லாம் பெரிய ஸ்டேஷன். பொட்டலம் எல்லாம் பற்றரி. ஆக்கள் பாவிக்கிற கரண்டும் நாங்கள் எடுக்கிற கரண்டும் ஒவ்வொரு செக்கனும் சரியா இருக்கோணும். பாவனை கூடினா அதிர்வெண் ஐம்பது ஹெர்ட்ஸில இருந்து இறங்கும், உற்பத்தி கூடினா ஏறும். கண் எப்பவும் அந்த ஐம்பதிலதான் தம்பி."

முன்பு சில பெரிய நிலையங்களுக்குச் சொன்னால் போதும். 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலக்கரி நிலையமான ராட்கிளிஃப் மூடப்பட்டதோடு பிரிட்டனில் நிலக்கரி மின்சாரம் முடிந்துபோனது. இப்போது காற்றாலைகள், சூரியத் தகடுகள், நாடெங்கும் சிதறிய பேட்டரிகள். சீனிப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக நகர்த்தத் தொடங்கினார் அண்ணை. எட்டாவது பொட்டலத்தில் கையை எடுத்துவிட்டு ஒரு கோப்பையைத் தள்ளினார்.

"அவசரத்தில இதுதான் நடக்கும். ஒரு காஸ் ஸ்டேஷனுக்கு ஒரு கட்டளை காணும். பற்றரியளுக்குப் பத்துப் பன்னிரண்டு அனுப்போணும். நேரம் நிக்குமே?"

இப்படி மலிவான பேட்டரியைத் தாண்டிப் போவதைத் தொழிலில் 'ஸ்கிப்' என்கிறார்கள். பேட்டரி நடத்துகிறவர்கள் இதைப் பற்றி உரக்கவே முறையிட்டார்கள். அதில் நியாயம் உண்டு. வீணாக எரியும் எரிவாயுவுக்குக் கடைசியில் பணம் கட்டுவது வீட்டுக்காரர்தான். ஆனால் கட்டளை அனுப்பியவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு பேட்டரியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதே பழைய முறையில் அவருக்குத் தெரியாது. எந்தப் பேட்டரியையும் 15 நிமிடத்துக்குமேல் நம்பாதே என்று ஒரு விதி வைத்துத்தான் சமாளித்தார்கள். 2024 மார்ச்சில் அது 30 நிமிடமானது.

2023 டிசம்பரில் ஓப்பன் பேலன்சிங் பிளாட்ஃபார்ம் என்ற புதிய மென்பொருள் வந்தது. அண்ணை எல்லாப் பொட்டலங்களையும் இரு கைகளால் அணைத்து ஒரே தள்ளாகத் தள்ளிக் காட்டினார். எதை எவ்வளவு இயக்கலாம் என்று கணினி கணக்குப் போட்டுத் தருகிறது. பொறியாளர் பார்த்து ஒப்பினால் கட்டளைகள் கூட்டமாகப் போகின்றன. பழைய மென்பொருளை ஒருநாள்கூட நிறுத்த முடியாது என்பதால், பக்கத்திலேயே புதியதை ஓடவிட்டு வேலையைத் துண்டு துண்டாக மாற்றுகிறார்கள்.

"2019 ஆகஸ்ட் 9 ஞாபகம் இருக்கே?" என்றார். மாலை 4.52-க்கு மின்னல் விழுந்தது. அடுத்தடுத்து லிட்டில் பார்ஃபோர்ட் எரிவாயு நிலையமும் ஹார்ன்சி கடல் காற்றாலையும் உற்பத்தியை இழந்தன. அதிர்வெண் 48.8-க்கு இறங்கி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் தாமாகத் துண்டிக்கப்பட்டன. டூட்டிங் ஸ்டேஷன் வழியே ஓடும் அதே வகை ரயில்கள் ஆங்காங்கே பாதையில் நின்றுவிட்டன. மின்சாரம் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. சில ரயில்களைக் கிளப்ப மட்டும் டெக்னீஷியன் நேரில் போக வேண்டியிருந்தது.

வாண்டில் ஆற்றோரமாக விம்பிள்டன் துணைமின் நிலையம்வரை நடந்தோம். அங்கிருந்து கிரேஃபோர்டுவரை 32.5 கிலோமீட்டருக்குக் கேபிளுக்காக நிலத்தடியில் சுரங்கம் தோண்டியிருக்கிறார்கள். அண்ணையின் பேச்சு ஊருக்குப் போய்விட்டது. 2025 பிப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை இலங்கை முழுவதும் இருண்டது. பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்குதான் காரணம் என்று அமைச்சர் சொன்னதை உலகமே பேசியது. அன்று பாவனை குறைவு, வெயில் அதிகம், தாங்கிப்பிடிக்கச் சுழலும் எந்திரங்கள் போதாமல் போயின என்பதைப் பேசியவர்கள் குறைவு. அந்த ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சோலார்களைப் பகலில் நிறுத்தச் சொல்லி மின்சார சபை மக்களிடம் கேட்டுக்கொண்டது.

"அங்க இருக்கிற பொடியள் கெட்டிக்காரர். கூரையில என்ன நடக்குதெண்டு அவையளுக்குத் திரையில தெரியேல்ல. அறிவித்தல் குடுத்தா கிரிட்டை நடத்துறது?" குரல் கம்மியது.

வேலியருகே நின்றோம். மின்மாற்றிகள் அடித்தொண்டையில் முரன்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த ஒலி 100 ஹெர்ட்ஸில் எழும் என்றார் அண்ணை. தலையைச் சாய்த்துச் சிறிது நேரம் கேட்டார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரவு மறுபடியும் ஷிப்ட். போய்ப் படுக்க வேண்டும்.