ஊரைக் காட்டுங்க மாமா

வேங்கிக்காலில் எந்தத் தெருவில் நின்றாலும் தென்மேற்கே மலை தெரியும். 2,668 அடி. வேலூர் சாலையில் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வருகிறவர்கூட பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அதைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் நடப்பார். பவுர்ணமிக்கு லட்சக்கணக்கில் வருகிறார்கள். தரிசனம், பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம், விடிந்ததும் பஸ். திருவண்ணாமலையை ஓர் ஊராகச் சுற்றிப் பார்த்தவர்கள் அவர்களில் மிகக் குறைவு என்பது என் நெடுநாள் வருத்தம்.

அதனால்தான் பொங்கலுக்கு மியூனிக்கிலிருந்து வந்த அக்கா மகள், "சாமி கும்பிட்டுட்டு ஓடி வந்துட வேணாம் மாமா, ஊரைக் காட்டுங்க" என்றதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவள் இருக்கும் இடத்திலிருந்து சால்ஸ்பர்க் ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள். மலையடியில் பழைய நகரம், மேலே கோட்டை. அந்த ஊரை ஒரு நாள் முழுக்க நடந்தே பார்த்திருக்கிறாள். அதேபோல நம் ஊரையும் பார்க்க வேண்டும் என்றாள்.

முதலில் திருவூடல் தெருவுக்குக் கூட்டிப்போனேன். சாமிக்கும் அம்மனுக்கும் வந்த சண்டையின் பெயரில் இங்கே ஒரு தெருவே இருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று இருவரும் எதிரெதிரே நிற்க, ஊடல் நடக்கும். அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குத் திரும்பிவிடுவாள். அண்ணாமலையார் தனியாக மலையைச் சுற்றிவிட்டு மறுநாள்தான் வீடு சேர்வார். ஊரே தெருவில் நின்று அதைப் பார்க்கும்.

ராஜகோபுரத்தைத் தாண்டினால் வலப்பக்கம் ஆயிரங்கால் மண்டபம், இடப்பக்கம் சிவகங்கைத் தீர்த்தம். இரண்டும் கிருஷ்ணதேவராயர் செய்தவை. 217 அடி ராஜகோபுரத்தையும் அவர்தான் தொடங்கினார். தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்தார். இதையெல்லாம் வேகமாகச் சொல்லிக் கடந்து வல்லாள கோபுரத்தின் கீழே அவளை நிறுத்தினேன். அங்கே மன்னர் சிலையைக் காட்டாமல் நான் யாரையும் உள்ளே விடுவதில்லை.

ஹொய்சள அரசர் மூன்றாம் வீரவல்லாளர், வடக்கே படையெடுப்புகள் நெருக்கியபோது திருவண்ணாமலையைத் தன் தலைநகரங்களில் ஒன்றாக வைத்துக்கொண்டவர். 1342-43 வாக்கில் மதுரை சுல்தானுடன் நடந்த போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அவர் தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரைக் கோட்டை மதிலில் தொங்கவிட்டிருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக இபின் பதூதா எழுதியிருக்கிறார். வரலாறு அங்கே முடிந்துவிட்டது. ஊர் அவரை விடவில்லை. பிள்ளையில்லாத அந்த மன்னருக்கு அண்ணாமலையாரே பிள்ளை என்பது இங்குள்ள நம்பிக்கை. அதனால் ஒவ்வோர் ஆண்டும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு கௌதம நதிக்கரைக்கு சாமி எழுந்தருளி, வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுக்கிறார். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன ஒரு மனிதருக்கு!

அவள் வெகுநேரம் அந்தச் சிலையை விட்டு நகரவில்லை.

வடக்கே அம்மணி அம்மன் கோபுரம். 171 அடி. செங்கம் பக்கம் சென்னசமுத்திரத்தில் பிறந்த ஒரு துறவிப் பெண், வீடு வீடாகப் போய்க் காசு கேட்டு எழுப்பியது. நால்வகைப் படை வைத்திருந்தவர்கள் கட்டியதைவிட இது எனக்கு ஒரு படி மேல்தான்.

சாப்பாடு முடிந்து பேய்க் கோபுரத்துக்குப் பின்னால் மலைப்பாதையில் ஏறினோம். 1896 செப்டம்பர் 1 அன்று இந்த ஊருக்கு வந்து பாதாள லிங்கத்தருகே உட்கார்ந்த பதினாறு வயதுப் பையன், ரமணர், பிறகு பல ஆண்டுகள் இருந்த விருபாட்ச குகை பாதி வழியில் இருக்கிறது. இன்னும் ஏறினால் கந்தாஸ்ரமம். அதற்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பாறை. அதில் நின்று பார்த்தால் ஒன்பது கோபுரங்களும் சுற்றுமதில்களும் தரையில் போட்ட கோலம் போல விரியும். பஸ் ஹாரன்கூட மெலிந்துதான் மேலே வரும்.

கோயிலைப் பார்த்து முடித்தவள், சரிவில் நெருக்கியடித்து ஏறி நிற்கும் வீடுகளைக் காட்டி, "இவ்ளோ மேல கட்டியிருக்காங்களே?" என்று கேட்டாள். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீடு புதைந்ததைச் சொன்னேன். ஏழு பேர். அதில் ஐந்து பேர் குழந்தைகள். வேங்கிக்காலில் மழைத்தண்ணீர் வடியாமல் நாங்கள் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது.

சால்ஸ்பர்க்கிலும் 1669-ல் இப்படி நடந்தது என்றாள். ஊரை ஒட்டிய மலையின் பாறை சரிந்து, கீழே இருந்த தெருவில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த மலையைக் கவனிப்பதற்கென்றே இன்றும் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். கயிற்றில் இறங்கிப் பாறையைத் தட்டிப் பார்த்து, ஆடுகிறதை அப்புறப்படுத்துவார்கள். ஆண்டுதோறும் நடக்கும் வேலை.

அந்த நிமிடத்திலிருந்து இதே நினைப்புதான் எனக்கு. ஒரு மன்னரின் திதியை எழுநூறு ஆண்டு தவறவிடாத ஊர் இது. மாசி வந்தால் யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை, பல்லக்கு தானாகப் புறப்படும். மழைக்காலத்துக்கு முன்னால் இந்தச் சரிவைப் பாறை பாறையாகப் பார்த்துவரவும் நமக்கு அப்படியொரு முறை வேண்டும். தீபத்துக்குக் கொப்பரையையும் நெய்யையும் சுமந்துகொண்டு உச்சிவரை ஏறுகிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். மலையின் ஒவ்வொரு திருப்பமும் அவர்களுக்குத் தெரியும். நிலவியல் தெரிந்தவர்களோடு அவர்களையும் சேர்த்து, சம்பளம் கொடுத்து, ஐப்பசி பிறப்பதற்குள் அனுப்ப வேண்டும்.