ஏரிக்கரைக் குடிலில் ஓர் இறுதிப் பாடல்

அமெரிக்காவின் நாஷ்வில் நகரைக் காணச் செல்வோர், அங்குள்ள இசையரங்குகளையும் நூதனசாலைகளையும் பார்த்துவிட்டுத் திரும்புவதே வழக்கம். நாமோ வடகிழக்குத் திசையில் ஏறத்தாழ 20 மைல் சென்று, ஹென்டர்சன்வில் என்னும் ஊரை அடைந்தோம். அவ்வூரின் பிரதான வீதி, ஜோனி காஷ் என்ற பாடகரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 'கன்ட்ரி' எனப்படும் அமெரிக்க நாட்டுப்புற இசையை உலகறியச் செய்தோருள் அவர் முன்வரிசையினர்.

கம்பர்லாந்து நதியை அணையிட்டு மறித்ததால் உண்டானது ஓல்ட் ஹிக்கரி ஏரி. அதன் கரையில் காஷ் நெடுங்காலம் வாழ்ந்த மாளிகை 2007 ஏப்ரலில் தீக்கிரையாயிற்று. வீதிக்கு அப்பால், மரங்களிடையே அமைந்த மரக்குடில் மட்டும் தப்பிப் பிழைத்தது. தனிமையை நாடி அவர் கட்டிய அக்குடில், பிற்காலத்தில் ஒலிப்பதிவுக் கூடமாயிற்று. தனியார் காணியாதலால் நாம் வீதியோரத்தில் நின்றே அத்திசையை நோக்கினோம்.

அவர் மனைவி ஜூன் கார்ட்டரும் புகழ்பெற்ற பாடகியே. 35 ஆண்டுகள் உடன் வாழ்ந்த அவர், 2003 மே 15ஆம் நாள் காலமானார். காஷ் நீரிழிவினால் நலிந்து, கண்ணொளி குன்றி, சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்த காலம் அது. ஆயினும் அவர் ஓய்ந்துவிடவில்லை. நாள்தோறும் தமக்கு வேலை வேண்டுமென்று தயாரிப்பாளர் ரிக் ரூபினிடம் கேட்டுக்கொண்டார். உடல் இடங்கொடுத்த நாட்களிலெல்லாம் பாடினார்.

ஆகஸ்ட் 21ஆம் நாள் அவர் இறுதியாகப் பதிவுசெய்த பாடல் 'எஞ்சின் 143'. 1890இல் மேற்கு வர்ஜீனியாவில் நிகழ்ந்த புகையிரத விபத்தில், தாம் நேசித்த எஞ்சினோடு மடிந்த சாரதியின் கதை அது. அதனை 1929இல் இசைத்தட்டில் பாடியவர்கள் கார்ட்டர் குடும்பத்தினர். அவர்களுள் ஒருவரான மேபெல், ஜூனின் தாயார். ஜூன் பிறந்ததும் அதே ஆண்டிலேதான். அக்குடும்பத்தின் பாடல்களைத் தொகுத்து மகன் ஜோன் கார்ட்டர் காஷ் தயாரித்த அஞ்சலித் தொகுப்புக்காகவே தந்தையார் அதனைப் பாடினார். மனைவியை இழந்து மூன்று மாதங்கள் கழிந்த நிலையில், அவருடைய தாய்வீட்டுப் பாட்டை அவர்தம் மகனுக்காகப் பாடும்போது அம்முதியவரின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்!

1955இல் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தட்டின் ஒரு பக்கத்திலும் புகையிரதப் பாடலே இருந்தது. புகையிரதத்தோடு தொடங்கிய இசைப்பயணம் புகையிரதத்தோடே முடிவுற்றது.

இருபத்திரண்டு நாட்கள் கழித்து, செப்டெம்பர் 12ஆம் நாள், தம் 71ஆவது வயதில் காஷ் மறைந்தார். இறுதிக்காலப் பதிவுகள் அடங்கிய 'அமெரிக்கன் V' 2006 ஜூலையில் வெளியாகி, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அக்குரலில் இளமையின் முழக்கம் இல்லை; மூச்சு இடையிடையே தளர்கிறது. அத்தளர்ச்சியை அவர் மறைக்கவுமில்லை.

திரும்பும் வழியில், அவர் பெயர் தாங்கிய வீதியிலேயே அமைந்துள்ள மயானத்துக்குச் சென்றோம். கணவனும் மனைவியும் அங்கே அருகருகே துயில்கின்றனர். துயரம் வந்துற்றபோது தொழிலைக் கைவிடாது, தொழிலையே ஊன்றுகோலாகக் கொண்ட ஒருவரை வணங்கி மீண்டோம்.